மூன்று ரூபாய் யார் கைக்குப் போகிறது?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், கவரைப்பேட்டையை ஒட்டிப் புதுவாயல் வருகிறது. பெரியபாளையம் சாலை இங்கேதான் பிரிகிறது. பொழுது விடிவதற்கு முன்பே சாலை பரபரப்பாகிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போகும். இரும்புக் கம்பிக் கட்டுகளோடு டிரெய்லர்கள் எதிரே வரும். இந்த நெரிசலின் ஓரமாக, டூவீலரின் இரு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டபடி ஒருவர் போய்க்கொண்டிருப்பார். அந்தக் கேன் எந்த வாசலில் போய் இறங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான், அரசு தரும் மானியம் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது முடிவாகிறது.

கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் இறங்கினால் லிட்டருக்கு மூன்று ரூபாய் கூடுதல். டீக்கடையிலோ, வாடிக்கை வீட்டிலோ, தனியார் பால் கம்பெனியின் கொள்முதல் நிலையத்திலோ இறங்கினால் அந்த மூன்று ரூபாய் கிடையாது.

தமிழ்நாட்டில் மூன்று ரூபாய்க்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. 2021 மே மாதம் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின், பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, கூட்டுறவு நிறுவனமான ஆவினின் பால் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பது. மே 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பாக்கெட் வாங்கிக் காபி போடுகிறவருக்குக் கிடைத்த மூன்று ரூபாய் அது. அடுத்து 2022 நவம்பர் 5. அன்று முதல் கொள்முதல் விலை 3 ரூபாய் ஏறியது. பசும்பால் 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. எருமைப்பால் 41லிருந்து 44 ஆனது. இது கறப்பவருக்கு. அதே நாளில், ஆவினின் மாதாந்திர கார்டு இல்லாமல் ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆயிற்று.

அந்த உயர்வு போதவில்லை. 2023 மார்ச்சில் பால் உற்பத்தியாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். சில ஊர்களில் பாலைச் சாலையில் கொட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 18 முதல் மூன்றாவது மூன்று ரூபாய் வந்தது. இந்த முறை அதற்கு விலை உயர்வு என்று பெயர் வைக்கவில்லை, ஊக்கத்தொகை என்றார்கள். சங்கத்தில் பால் ஊற்றுகிறவருக்குப் பசும்பாலுக்கு 38 ரூபாயும் எருமைப்பாலுக்கு 47 ரூபாயும் கிடைக்கும் என்பது அறிவிப்பு.

விலைக்கும் ஊக்கத்தொகைக்கும் என்ன வித்தியாசம்? கொள்முதல் விலையை ஏற்றினால் பணத்தை ஆவின் தர வேண்டும். ஒன்று பாக்கெட் விலை ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஆவின் நட்டத்தை ஏற்க வேண்டும். ஊக்கத்தொகை என்றால் பணம் அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. பாக்கெட் விலையில் கை வைக்காமலே கறப்பவருக்குக் கொஞ்சம் கொடுக்க முடிகிறது. சிக்கல் என்னவென்றால், விலை பால் பில்லோடு வந்துவிடும். ஊக்கத்தொகை அரசு நிதி ஒதுக்கி விடுவித்தால்தான் வரும். அது மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பதாக உற்பத்தியாளர் சங்கங்கள் குரல் எழுப்பியதும் உண்டு.

எட்டில் ஒரு பங்கு

2023 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குஜராத்தின் அமுல் நிறுவனம் தமிழ்நாட்டுக்குள் வந்து பால் கொள்முதல் செய்யப்போவதைத் தடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அமுல் குறிவைத்ததாக அதில் சொல்லப்பட்ட மாவட்டங்களில் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், காஞ்சிபுரத்தோடு, புதுவாயல் இருக்கும் திருவள்ளூரும் இருந்தது. ஆவினின் அளவு என்ன என்பதும் கடிதத்தில் இருந்தது: 9,673 கிராமச் சங்கங்கள், பால் ஊற்றும் உறுப்பினர்கள் சுமார் 4.5 லட்சம் பேர், நாளொன்றுக்கு 35 லட்சம் லிட்டர்.

பெரிய எண்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் பால் கறக்கிறார்கள். நாள் கணக்கில் அது இரண்டரைக் கோடி லிட்டரைத் தாண்டும். அதாவது, கறக்கும் பாலில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் சங்கத்தின் வாசலுக்கு வருகிறது. மீதியில் வீட்டுச் செலவு போக, மற்றது டீக்கடைக்கும் வாடிக்கைக்கும் ஆரோக்யா, திருமலா, ஹெரிடேஜ், டோட்லா போன்ற கம்பெனிகளுக்கும் போகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தில் தனியார் போட்டி இன்னும் கூடுதல். மூன்று ரூபாய் ஊக்கத்தொகை தொடுவது அந்த எட்டில் ஒரு பங்கை மட்டுமே.

சங்கத்தை அரசு ஏன் ஒற்றை வாசலாக வைத்தது என்பதற்குக் காரணம் 1970இல் இருக்கிறது. வர்கீஸ் குரியன் தலைமையில் தேசியப் பால்வள வாரியம் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐரோப்பிய நாடுகளில் தேங்கிக் கிடந்த பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் உலக உணவுத் திட்டம் வழியாக இந்தியாவுக்கு இலவசமாக வந்தன. அவற்றைப் பாலாக்கி நகரங்களில் விற்ற காசில் கூட்டுறவுச் சங்கங்களையும் குளிரூட்டும் நிலையங்களையும் கட்டினார்கள். முதல் கட்டத்தில் தேர்ந்தெடுத்த நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. தமிழ்நாட்டில் 1958இலேயே பால்வளத் துறை தனியாக உருவாகியிருந்தது. 1981 பிப்ரவரி 1 முதல் வியாபாரப் பொறுப்பு முழுவதும் கூட்டுறவு இணையத்துக்கு, அதாவது ஆவினுக்கு, மாறியது. பவுடராக வந்த அன்றைய மானியம் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கப்படவில்லை. பாலை ஊரிலிருந்து நகரத்துக்குக் கொண்டுவரும் வழியாக மாறியது. அந்த வழியில்தான் இன்றும் பணம் திரும்பிப் போகிறது.

டிகிரி பார்க்கும் இடம்

சங்கத்தில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால், 38 ரூபாய் எல்லோருக்கும் 38 ரூபாய் இல்லை என்பது புரியும்.

வரிசையில் நின்று பாலை அளந்து ஊற்றியதும், அதில் கொஞ்சம் மாதிரிக்கு எடுப்பார்கள். முன்பு லாக்டோமீட்டர்தான். கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். இருபத்தெட்டு, முப்பது என்று நின்றால் முகம் மலரும். தண்ணீர் கலந்திருந்தால் குழல் இறங்கிவிடும். ‘டிகிரி குறையுது’ என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. இப்போது மின்னணுப் பகுப்பாய்வுக் கருவி வந்துவிட்டது. அதன் மெல்லிய குழாய் மாதிரியை உறிஞ்சும். ஒரு நிமிடத்துக்குள் திரையில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று கொழுப்பு. இன்னொன்று கொழுப்பில்லாத மற்ற சத்து, அதாவது புரதம், பால் சர்க்கரை, தாது உப்பு எல்லாம் சேர்ந்தது. சங்கத்தில் இதை எஸ்.என்.எஃப். என்றே சொல்வார்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் விலை. நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் ரூபாயும் கீழே இறங்கும்.

இதில் மாட்டின் சாதிக்கும் பங்கு உண்டு. ஹோல்ஸ்டீன் கலப்புப் பசு நிறையக் கறக்கும், ஆனால் பால் இளசாக இருக்கும். ஜெர்சி கலப்பின் பால் அளவில் குறைவு, கெட்டி அதிகம். எருமைப்பாலின் கெட்டியைச் சொல்லவே வேண்டாம்; ஆனால் எருமை குறைந்துகொண்டே வருகிறது. 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.8 லட்சம் எருமைகள் இருந்தன, 2019இல் 5.19 லட்சம்தான். மாடுகளோ 95 லட்சத்தைத் தாண்டின. சித்திரை வெயிலில், பச்சைத் தீவனம் இல்லாமல் வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டின் பாலில் சத்து இன்னும் குறையும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஐந்து லிட்டர் ஊற்றியும் பட்டுவாடா நாளில் வேறு வேறு தொகை வாங்குவது இதனால்தான். கையில் சீட்டு கிடைக்காத ஊரில் அது சண்டையாகிறது. அளவும் தரமும் அச்சடித்த ஒப்புகைச் சீட்டை அங்கேயே தர வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் விடாமல் கேட்டு வந்ததற்கும் காரணம் இதுவே.

நாலரை ரூபாய் போதும்

இரண்டு கறவை மாடு உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கலப்பினப் பசுக்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு 8 லிட்டர். வீட்டுக்கு ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டு 15 லிட்டரைச் சங்கத்தில் ஊற்றுகிறார்கள். ஊக்கத்தொகை நாளுக்கு 45 ரூபாய், மாதத்துக்கு 1,350 ரூபாய். கேஸ் சிலிண்டர் வாங்கலாம், பிள்ளையின் டியூஷன் பீஸ் கட்டலாம். சாதாரணத் தொகை இல்லை.

இப்போது தீவனக் கணக்கு. மாட்டின் உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு இது. 8 லிட்டர் மாட்டுக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ ஆகும். இரண்டு மாட்டுக்கு 10 கிலோ. ஆக, புண்ணாக்கும் தவிடும் கலந்த தீவனத்தின் விலை கிலோவுக்கு நாலரை ரூபாய் ஏறினால் போதும். அந்த 45 ரூபாய் முழுக்கத் தீவனக் கடைக்குப் போய்விடும். மானியம் வாங்கியதும் வாங்காததும் ஒன்றாகிவிடும்.

மாடு வருடம் முழுக்கவும் கறக்காது. ஒரு ஈற்றுக்குப் பத்து மாதம் கறந்தால் நல்ல மாடு. அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் பால் வற்ற விட வேண்டும். சினை பிடிக்கத் தாமதமானால் அந்த இடைவெளி இன்னும் நீளும். லிட்டர் கணக்கில் வரும் ஊக்கத்தொகை அந்த நாட்களில் பூஜ்யம். மாடோ வழக்கம்போலத் தின்னும்.

மாடு வாங்கக் கொடுத்த பணம்

பாலுக்கு மானியம் வருவதற்கு முன் மாட்டுக்கு மானியம் வந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், மடிக்கணினித் திட்டங்களோடு விலையில்லாக் கறவை மாடு, ஆடு திட்டங்களையும் தொடங்கிவைத்தார். விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். ஆண்டுக்கு 12,000 வீதம் ஐந்தாண்டில் 60,000 மாடுகள், கிராமத்து ஏழைப் பெண்களுக்கு என்பது இலக்கு. மாடு வீட்டுக்கு வந்தது. அதைக் கட்டிப் போடுவதற்கும் தீனி போடுவதற்கும் வீட்டில் வசதி இருந்ததா என்பதைப் பொறுத்து அது தங்கியது, அல்லது கைமாறியது.

மத்திய அரசின் வழி வேறு. 2010 செப்டம்பரில் தொடங்கிய பால்பண்ணைத் தொழில்முனைவோர் திட்டத்தை நபார்டு வங்கி நடத்தியது. பத்து மாடு வரையிலான சிறு பண்ணைக்குச் செலவில் 25 சதவீதம் மானியம். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 33.33 சதவீதம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மானியம் முதலில் கையில் வராது. வங்கியில் கடன் வாங்கி, தவணை கட்டிக்கொண்டே வர வேண்டும். கடைசித் தவணைகளில்தான் மானியம் வரவு வைக்கப்படும். மானியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மாட்டை விற்றுவிடுவதைத் தடுக்க வைத்த பூட்டு இது. ஆனால் வங்கி மேலாளர் முதலில் கடன் கொடுக்கச் சம்மதிக்க வேண்டுமே! பட்டா இல்லாதவர், ஜாமீன் காட்ட முடியாதவர் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார். 2020-21இல் திட்டமே நின்றுபோனது. இப்போது பட்டியல் இன, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் திட்டம் ஒன்று தாட்கோ வழியாக 35 சதவீதம், உச்சவரம்பு 3.5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. அதற்கும் வங்கிக் கடன்தான் அடிப்படை.

கணக்கில் வராத புல்

இதுவரை சொன்ன எதிலும் இல்லாத ஒன்று புல். கறவை மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோவாவது பச்சைத் தீவனம் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல் ரகங்கள், தண்ணீரும் எருவும் தட்டாமல் கிடைத்தால், ஏக்கருக்கு ஆண்டுக்கு 140 டன்னுக்கு மேல் தரக்கூடியவை. அப்படியானால் 10 சென்ட் இருந்தாலே ஒரு மாட்டுக்குத் தாராளம். கேட்க எளிதுதான். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்து நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசும் ஊரில், அந்தப் பத்து சென்ட்டில் புல் போட யாருக்கு மனம் வரும்?

சொந்த நிலம் இல்லாதவர்களின் மாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தீனி போட்டது ஊர்ப் பொது நிலம்தான். வருவாய்த் துறைக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு, ஏரிக்கரை, தோப்பு என்று பல பெயர்களில் இருந்தது. எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படாத மானியம் அது. புதுவாயலுக்கு மேற்கே, இதே கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கும் தேர்வாய் கண்டிகையில் அது எப்படிப் போனது என்பது உலகத்துக்கே தெரியும். ஊர் மக்கள் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. பிரான்சின் மிஷலின் டயர் கம்பெனி 2009இல் அரசுடன் ஒப்பந்தம் போட்டது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர் அது. மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2012இல் பிரெஞ்சுத் தொழிற்சங்கத்தின் துணையோடு புகார், பன்னாட்டு நிறுவனங்கள் மீதான முறையீடுகளைக் கேட்கும் பிரான்சு அரசின் ஓ.இ.சி.டி. தொடர்பு மையம் வரை போனது. ஆலை நின்றுவிடவில்லை. சிலருக்கு வேலை கிடைத்திருக்கலாம். மாடு மேய்ந்த இடம் திரும்பவில்லை. அந்த மாடு தின்ற புல்லை இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காசைத்தான் மூன்று ரூபாய் ஈடுகட்டப் பார்க்கிறது.

மற்ற இடங்களில்

லிட்டர் கணக்கில் ஊக்கத்தொகை கொடுப்பதில் கர்நாடகம் முன்னோடி. 2008இல் 2 ரூபாயில் தொடங்கி, 2013இல் 4, 2016இல் 5 என்று ஏற்றியது. ராஜஸ்தான் 2 ரூபாயை 2022இல் 5 ஆக்கியது. மகாராஷ்டிரம் 2024 ஜூலை முதல் 5 ரூபாய் கொடுத்து, அக்டோபர் முதல் அதை 7 ஆக உயர்த்தியது. இமாசலப் பிரதேசம் வேறு வழியில் போனது. நெல்லுக்கும் கோதுமைக்கும் இருப்பதுபோலப் பாலுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்தது; 2024 ஏப்ரலில் பசும்பாலுக்கு 45 ரூபாய், எருமைப்பாலுக்கு 55 ரூபாய்.

அமெரிக்காவில் 2018 வேளாண் சட்டம் கொண்டுவந்த முறை தீவனக் கணக்கை நேரடியாகத் தொடுகிறது. அங்கே அரசு பார்ப்பது பால் விலையை மட்டுமில்லை. பால் விலையிலிருந்து தீவனச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்பதை. பண்ணையாளர் சிறு பிரீமியம் கட்டிப் பதிந்துகொள்வார். நூறு பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ பாலுக்கு மிஞ்சும் தொகை அவர் தேர்ந்தெடுத்த அளவுக்குக் கீழே இறங்கினால், வித்தியாசத்தை அரசு தரும். சிறு பண்ணைகளுக்கு அந்த அளவு 9.50 டாலர் வரை போகலாம். தீவனம் ஏறினால் உதவியும் தானாக ஏறும். நூற்றுக்கணக்கில் மாடு வைத்துக் கணினியில் கணக்கு எழுதும் பண்ணைகளுக்கு இது சரி. இரண்டு மாட்டு வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தீவன விலை கூடும்போது ஊக்கத்தொகையும் கூட வேண்டும் என்று கேட்பதற்குக் கணினி தேவையில்லை. ஆவின் தீவனத்தின் விலையும் பால் கொள்முதலும் ஒரே நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன.

இப்போது கேட்டு வாங்கக்கூடியவை

சங்கத்தில் பால் ஊற்றாதவருக்கும் கிடைக்கும் உதவிகள் சில உண்டு. கிசான் கடன் அட்டை 2018-19 மத்திய பட்ஜெட்டுக்குப் பின் மாடு வளர்ப்பவர்களுக்கும் திறக்கப்பட்டது. தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தமிழ்நாட்டின் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இந்தக் கடனைக் குறித்த காலத்தில் திருப்பிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில்லாமலே தருகின்றன. பால் எங்கே போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தனிநபருக்கு மாட்டுக் கொட்டகை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதும் கிடைக்குமா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போடும்போது, பாலினம் பிரித்த விந்து இருக்கிறதா என்று கேட்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிக் கன்றாகவே பிறக்கும். வாயிலும் குளம்பிலும் புண் வந்து கறவையையே நிறுத்திவிடும் கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசத் தடுப்பூசி போடுகிறார்கள். 2019இல் மத்திய அரசு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கிய திட்டம் அது. மாடு விழுந்துவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் மருத்துவ வண்டி வரும்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது காப்பீடு. இரண்டு மாட்டு வீட்டில் ஒரு மாடு செத்தால் பாதி வருமானம் போய்விடும். வாங்கிய கடன் மட்டும் நிற்கும். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை விதியை மாற்றியது. முன்பு 20 முதல் 50 சதவீதம் வரை இருந்த பயனாளியின் பிரீமியப் பங்கு 15 சதவீதமாகக் குறைந்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. மருத்துவர் மாட்டைப் பார்த்து மதிப்புப் போட்டு, காதில் 12 இலக்க எண் உள்ள மஞ்சள் வில்லையை மாட்டிய பிறகுதான் பாலிசி செல்லும். வேலியில் உரசியோ கயிற்றில் சிக்கியோ வில்லை விழுந்துவிட்டால் உடனே மாட்டாஸ்பத்திரியில் சொல்லிப் புதியதைப் போட்டு, அந்த எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். காதில் வில்லை இல்லாமல் செத்த மாட்டுக்கு இழப்பீடு கிடையாது.